உயிர் ஏட்டில் ஏறும் துரு



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, கூமாப்பட்டி என்னும் ஊர் இருக்கிறது. பிளவக்கல் அணையின் நீர் பாயும் வயல்களும், தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர். அவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்தேன். பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். 1994-ஆம் ஆண்டில், கூமாப்பட்டியிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு நான் அன்று சரியான விடை கூறவில்லை. அந்த விடையையே இன்று உங்கள் முன் கூற விரும்புகிறேன்.

அன்று பதினோராம் வகுப்பில் டி.என்.ஏ. பற்றிய பாடம். "உயிரின் பண்புகள் அனைத்தும் இம்மூலக்கூற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. இது பாறையில் பொறித்த கல்வெட்டைப் போன்றது, எளிதில் அழியாதது" என்று பெருமிதத்துடன் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து அம்மாணவி எழுந்தாள். "ஐயா, எங்கள் வீட்டுக் குலுக்கையில் சென்ற ஆண்டு நெல்லும் இருக்கிறது, அதற்கு முந்திய ஆண்டு நெல்லும் இருக்கிறது. சென்ற ஆண்டு நெல் தாமதித்து முளைக்கிறது. முந்திய ஆண்டு நெல் பாதிகூட முளைப்பதில்லை. பூச்சி இல்லை, பூசணம் இல்லை, பார்வைக்கு நல்ல நெல்லாகவே இருக்கிறது. உள்ளே இருக்கிற கல்வெட்டு அழியாதது என்றால், கெட்டுப்போனது எது?" என்று கேட்டாள்.

"விதையின் வீரியம் குறைந்துவிட்டது, அம்மா, உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்தாள். ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதை விளக்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் உண்டு. 'வீரியம்' என்று நான் சொன்னது அத்தகைய பெயர்தான். போதாக்குறைக்கு, கல்வெட்டு உவமையும் தவறு. அது தவறென்று காட்டும் ஆராய்ச்சிகள் அப்போதே வெளிவந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் பாடநூல்வரை அவை வந்து சேரவில்லை.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த தோமஸ் லிண்டால் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார். உயிரணுவுக்குள் வெதுவெதுப்பான நீரில் கிடக்கும் டி.என்.ஏ. உண்மையில் எவ்வளவு காலம் சிதையாமல் இருக்கும்? அவர் அளந்து பார்த்தார். கிடைத்த விடை வியப்பூட்டியது. வெளியிலிருந்து எந்த நஞ்சும் கதிர்வீச்சும் வந்து தாக்காத நிலையிலும், நீரின் வினையாலேயே ஒரு மனித உயிரணுவில் நாள்தோறும் பல ஆயிரம் எழுத்துகள் கழன்று விழுகின்றன. ஏறத்தாழ 10,000 என்பது அவருடைய மதிப்பீடு. அப்படியானால் நாம் உயிரோடிருப்பது எப்படி? பழுது ஏற்படும் வேகத்திலேயே அதைப் பார்த்துச் செப்பனிடும் வேலையாட்கள் உயிரணுவுக்குள் இருக்கவேண்டும். அவ்வேலையாட்களே நொதிகள், அதாவது என்சைம்கள். அவற்றுள் ஒன்றை லிண்டால் 1974-இல் கண்டறிந்தார். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவருக்கும், பால் மோட்ரிச், அஜீஸ் சன்ஜார் ஆகியோருக்கும் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அச்செய்தியைப் படித்த அன்றுதான் எனக்கு அந்தக் கடைசி வரிசை நினைவுக்கு வந்தது.

நீர் செய்யும் கேடு ஒருபுறம் இருக்க, அதனினும் சூதான கேட்டைச் செய்வது நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன். நான் சிறுவனாக இருந்தபோது பெரியவர்கள் இதைப் பிராணவாயு என்பார்கள். உயிர்க்காற்று என்பது அதன் பொருள். மழையில் போட்ட மண்வெட்டியைத் துருப்பிடிக்க வைப்பதும் இதே காற்றுதான். உணவை எரித்து ஆற்றல் பெறும்போது, உயிரணுவின் உள்ளே ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி அரைகுறையாக மாறி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்களாகிறது. இப்பெராக்சைடு இரும்பு அயனியைச் சந்தித்தால் 'ஹைட்ராக்சில்' என்னும் துண்டு பிறக்கிறது. இவ்வினையை ஃபென்டன் என்ற ஆங்கில வேதியியலார் 1894-இல் விவரித்தார். ஹைட்ராக்சில் துண்டு எதிர்ப்பட்ட எதையும் தாக்கும். டி.என்.ஏ. அருகிலிருந்தால் அதையும் தாக்கும். ஆகவே, உயிர் ஏட்டிலும் துரு ஏறுகிறது என்று நான் சொல்வது வெறும் உவமை அன்று. ஆக்சிஜனும் இரும்பும் இங்கும் கூட்டாளிகளே.

டி.என்.ஏ. என்னும் ஏட்டில் நான்கே எழுத்துகள்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் நிற்கும் என்பது விதி. இந்நான்கில் ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாவது குவானின். அதன் எட்டாம் இடத்தில் ஓர் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டால் 8-ஆக்சோகுவானின் என்னும் பழுதுபட்ட எழுத்து உண்டாகிறது. டோக்கியோவில் கசாய், நிஷிமுரா என்னும் இரு ஆய்வாளர் 1984-இல் இதைக் கண்டு வெளியிட்டார்கள். சூடாக்கிய உணவுப் பொருள்களில் தீங்கு விளைப்பவை எவை என்று தேடப்போன இடத்தில் இது அவர்களுக்கு அகப்பட்டது.

ஓர் ஆக்சிஜன் அணு ஒட்டியதால் என்ன கெட்டுவிடும்? நம் ஓலைச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. 'மரம்' என்று எழுதியதை 'மாம' என்றும் படிக்க இடமுண்டு. எழுத்து முற்றிலும் அழிந்திருந்தால் பெயர்த்தெழுதுபவர் இடம் விட்டு எழுதுவார். தவறு அங்கேயே தெரிந்துவிடும். வேறோர் எழுத்தைப்போலத் தோன்றும் எழுத்துத்தான் ஆபத்தானது. அதை அவர் ஐயமின்றித் தவறாக எழுதிவிடுவார். 8-ஆக்சோகுவானினும் அவ்வாறே. உயிரணு பிரியும் முன் ஏடு பெயர்த்தெழுதப்படும்போது, அது சற்றே திரும்பி நின்றுகொண்டு, சைட்டோசினுக்குப் பதிலாக அடினினைத் தன் எதிரே அழைத்துவிடுகிறது. அடுத்த முறை பெயர்த்தெழுதும்போது அந்த அடினின் விதிப்படி தைமினை அழைக்கிறது. குவானின் இருந்த இடத்தில் தைமின் வந்து அமர்ந்துவிட்டது. இனி இதைத் தவறென்று காட்டும் அடையாளம் ஏதும் ஏட்டில் இல்லை.

இதைத் தடுக்கும் நொதியின் வேலையைப் பார்ப்போம. மனித உயிரணுவில் இதற்கு 'ஓ.ஜி.ஜி.1' என்று பெயர். நுண்ணுயிர்களில் இதே வேலையைச் செய்வது 'மட்-எம்'. மனித உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 600 கோடி எழுத்திணைகள் இருக்கின்றன. இந்நொதி அவ்விழையைத் தொட்டு வழுக்கிச் சென்று, ஐயத்திற்குரிய எழுத்தை ஏணியின் படியைப் புறம் திருப்புவதுபோல் வெளியே திருப்பித் தன் குழிக்குள் இட்டுப் பார்க்கிறது. பொருந்தினால், எழுத்தை மட்டும் சர்க்கரைத் தண்டிலிருந்து வெட்டி எடுக்கிறது. பிறகு வேறொரு நொதி அவ்விடத்து இழையைத் திறக்கிறது. பாலிமரேஸ் எதிரே நிற்கும் சைட்டோசினைப் பார்த்துப் புதிய குவானினை வைக்கிறது. லைகேஸ் இழையை மூட்டுகிறது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மட்டும் உருவிவிட்டுப் புதிய ஓட்டைச் செருகுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இங்கே நுட்பம் ஒன்று இருக்கிறது. நான் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்த இடம் இது. பழுதுபட்ட குவானினுக்கு எதிரே ஏற்கெனவே அடினின் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஓ.ஜி.ஜி.1 பழுதை வெட்டி எடுத்தால் என்ன ஆகும்? எதிரே நிற்கும் அடினினைப் பார்த்துத் தைமின் வைக்கப்படும். செப்பனிடும் வேலையே தவறை நிலைநாட்டிவிடும். ஆகையால் எதிரே சைட்டோசின் இருந்தால் விரைந்து வெட்டும் இந்நொதி, அடினின் இருந்தால் பெரும்பாலும் வெட்டாமல் விட்டுவிடுகிறது. அங்கே மற்றொரு நொதி வருகிறது. நுண்ணுயிர்களில் அதன் பெயர் 'மட்-ஒய்'. அது பழுதுபட்ட எழுத்தைத் தொடுவதில்லை. எதிரே நிற்கும் நல்ல அடினினை வெட்டி எடுத்துவிடுகிறது! அடினின் குற்றமற்றது, ஆனால் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் சைட்டோசின் வந்து அமர்ந்த பிறகு, முதல் நொதி வந்து பழுதை நீக்குகிறது. வரிசை மாறினால் வேலை கெட்டுவிடும்.

இவ்விரண்டும் போக மூன்றாவது காவல் ஒன்றும் உண்டு. அதற்காக ஏட்டை விட்டுவிட்டு, எங்கள் மாவட்டத்துச் சிவகாசிக்கு வாருங்கள். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், எழுத்துப் பெட்டியிலேயே தேய்ந்த எழுத்து கிடந்தால், கோப்பவர் எவ்வளவு திறமைசாலியாயினும் பக்கம் கெடும். உயிரணுவிலும் கோக்கப்படாமல் தனித்துக் கிடக்கும் குவானின் எழுத்துகள் துருவேறும். அத்தகைய எழுத்தைக் கோக்க முடியாதபடி உருமாற்றி ஒதுக்குவது 'மட்-டீ' என்னும் நொதி. ஜப்பானில் மாக்கி, செக்கிகுச்சி ஆகியோர் இதன் வேலையை 1992-இல் விளக்கினார்கள்.

இக்காவலர்களுள் ஒருவர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மனிதரிடமே சான்று இருக்கிறது. பிரிட்டனில் ஒரு குடும்பத்தில் உடன்பிறந்தோர் மூவருக்குப் பெருங்குடலில் கட்டிகள் தோன்றின. கட்டிகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, குவானின் இருக்கவேண்டிய இடங்களில் தைமின் இருக்கும் பிழையே மிகுந்திருந்தது. பிழையின் சாயலைக் கொண்டே குற்றவாளியைப் பிடித்தார்கள்: மட்-ஒய் நொதிக்கு நிகரான மனித நொதியின் மரபணு, தந்தைவழியும் தாய்வழியும் பழுதுபட்டு வந்திருந்தது. இது 2002-இல் வெளியான செய்தி. இந்தியக் குடும்பங்களிலும் இந்நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் இப்பழுது உண்டென்று அறிந்தால், குடலை அவ்வப்போது உட்காட்டிக் கருவியால் சோதித்து, கட்டிகள் புற்றாகுமுன் அகற்ற முடிகிறது.

இந்த இடத்தில் சிலர், "ஆக்சிஜன் கேட்டைத் தடுக்கும் மாத்திரைகள் கடையில் விற்கின்றனவே, வாங்கிச் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆடவர் பல்லாயிரவருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்று குறையவில்லை, கூடியிருந்தது. கீரையும் பழமும் உண்ணுங்கள். 'டி.என்.ஏ.வைச் செப்பனிடும்' என்று விளம்பரம் செய்யப்படும் புட்டியை வாங்குமுன், அதன் சான்று என்ன என்று கேளுங்கள்.

நிற்க. இந்நொதிகள் பகைவனிடத்திலும் இருக்கின்றன. நம் நாட்டில் இத்துறையில் நடந்த அரிய ஆராய்ச்சி ஒன்று அதைப் பற்றியதுதான். காசநோய்க் கிருமி நம் நுரையீரலுக்குள் நுழைந்ததும், உடலின் காவல் அணு ஒன்று அதை விழுங்கி, ஆக்சிஜன் துண்டுகளையே ஆயுதமாக அதன்மேல் பொழிகிறது. கிருமியின் ஏட்டில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்திணைகள். அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு குவானின்-சைட்டோசின் இணைகள். துருவேறக்கூடிய எழுத்தே அதற்கு மிகுதி. போதாததற்கு, பிற நுண்ணுயிர்கள் பலவற்றில் உள்ள பொருந்தாப் பிழை திருத்தும் வழக்கமான ஏற்பாடு ஒன்று இதனிடம் இல்லை. இருந்தும் அது பிழைக்கிறது. எப்படி?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வர்ஷ்னி என்னும் பேராசிரியரும் அவர் மாணவர்களும் இதை ஆராய்ந்தார்கள். காசக் கிருமியின் தீங்கற்ற உறவினமான ஒரு கிருமியை எடுத்து, அதன் மட்-எம் நொதியை நீக்கிப் பார்த்தார்கள். பின்னர் மட்-ஒய் நொதியை நீக்கிப் பார்த்தார்கள். 2007-லும் 2010-லும் முடிவுகள் வெளிவந்தன. மட்-எம் இல்லாத கிருமி ஆக்சிஜன் தாக்குதலில் எளிதில் மடிந்தது. ஆனால் பிழைத்தவற்றின் ஏட்டில் பிழைகள் பெருகின. ரிஃபாம்பிசின் என்னும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிகுதியாகத் தோன்றின. காசநோய்க்குத் தலையாய மருந்துகளுள் ஒன்று ரிஃபாம்பிசின் என்பது நினைவிருக்கட்டும். அதே கழகத்தில் எம். விஜயன் குழுவினர், வர்ஷ்னியுடன் சேர்ந்து, இவ்வினக் கிருமியின் மட்-டீ வகை நொதி ஒன்றைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் அதன் வடிவத்தைக் கண்டார்கள். விஜயன் பணியாற்றிய மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையை நிறுவியவர், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அங்கே சென்ற ஜி. என். இராமச்சந்திரன் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

பிழை கிருமிக்குப் பெரும்பாலும் சாவு. எப்போதோ ஒருமுறை மருந்திலிருந்து விடுதலை. இந்தக் கணக்கை மருத்துவர்கள் அறிந்தே மருந்து கொடுக்கிறார்கள். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி பத்து லட்சத்தில் ஒன்று, இன்னொரு மருந்துக்குத் தப்புவது பத்துக் கோடியில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒருங்கே தப்புவது நூறு லட்சம் கோடியில் ஒன்று. நுரையீரலின் புண்குழி ஒன்றில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். நூறு லட்சம் கோடி இரா. ஆகவேதான் மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், இவ்வாறு சேர்த்துத் தரும் மருந்துகளை வீட்டிலிருந்தபடியே உண்டாலும் சானடோரியத்தில் தங்கி உண்பதற்கு நிகரான பயன் உண்டு என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. என் சிற்றப்பா ஒருவர் இராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தார். இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். மறு ஆண்டு நோய் திரும்பியபோது பழைய மாத்திரைகள் பலிக்கவில்லை. நான் அப்போது உயிரியல் ஆசிரியன். எனக்கும் அவரிடம் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி நெல்லுக்கு வருவோம். நன்றாகக் காய்ந்த விதையில் உயிர் ஏறக்குறைய உறங்குகிறது. ஆனால் ஆக்சிஜன் உறங்குவதில்லை. குலுக்கைக்குள்ளும் காற்று இருக்கிறது. வெயில் காலத்து வெப்பம் இருக்கிறது. துரு மெல்ல ஏறுகிறது. செப்பனிடும் நொதிகளோ நீரின்றி வேலை செய்யமாட்டா. ஆகையால் பழுதுகள் ஆண்டுக்கணக்கில் கணக்குத் தீர்க்கப்படாமல் சேர்கின்றன. நாம் நெல்லை ஊறப்போட்டதும், வேர் வெளியே தலைகாட்டுமுன், உள்ளே முதலில் நடப்பவற்றுள் ஒன்று இச்செப்பனிடுதல். பழைய ஏட்டைச் சரிபார்த்த பிறகே விதை அதைப் பெயர்த்தெழுதத் தொடங்குகிறது. பழுது மிகுந்தால் சரிபார்க்க நேரம் மிகும்; முளை தாமதிக்கும். பழுது அளவு கடந்தால் முளையே இல்லை. அம்மாணவி கவனித்த இரண்டு ஆண்டு நெல்லும் இந்த இரண்டு நிலைகளே. கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் ஓ.ஜி.ஜி.1 நொதியை மிகுதியாகச் சுரக்கச் செய்து, அதன் விதைகள் நெடுநாள் முளைப்புத் திறன் காப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2012-இல் காட்டியிருக்கிறார்கள். டி.என்.ஏ. ஒன்றே காரணம் என்று நான் கூற வரவில்லை. விதையின் புரதங்களும் கொழுப்புச் சவ்வுகளும்கூடத் துருவேறிக் கெடுகின்றன. ஆயினும் அவள் கேட்டது கல்வெட்டைப் பற்றித்தானே!

சென்ற ஆண்டு அவளைத் தேடிக் கூமாப்பட்டிக்குப் போனேன். இப்போது சொந்த வயலில் பயிரிடும் குடும்பத்தலைவி. திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "ஐயா, அன்று நான் கேட்டது எனக்கே மறந்துபோயிற்று" என்று சிரித்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய நெல் அரைப்படி கொண்டுவந்து முறத்தில் கொட்டினாள். இருவரும் நூறு மணிகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்குத் துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி வைத்தோம். புது நெல்லில் நூறு மணிகளும் அவ்வாறே. மாணவர்களே, நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். துணி காயாமல் நீர் தெளித்துவந்து, நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும். எத்தனை முளைத்தன என்பதோடு, எந்த நாளில் முளைத்தன என்பதையும் குறிப்பது முக்கியம்.

நான் புறப்படும்போது அவள் கேட்டாள்: "ஊறியதும் முதலில் பழுது பார்க்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பழைய நெல்லைச் சிறிது நேரம் ஊறவைத்து, முளை வருமுன் எடுத்து, நிழலில் உலர்த்தி மறுபடியும் வைத்துக்கொண்டால், பழுது பார்த்த விதையாக அது இருக்காதா?"

வேளாண் விஞ்ஞானிகள் அதைச் செய்துதான் பார்த்துவருகிறார்கள். மானாவாரி விதைப்புக்கு விதையை ஊறவைத்து மறுபடி உலர்த்தும் 'விதை கடினப்படுத்தல்' முறையைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. வறட்சியைத் தாங்குவது அதன் முதல் நோக்கம். ஊறும் நேரம் மிகுந்து, உயிரணுக்கள் ஏட்டைப் பெயர்த்தெழுதத் தொடங்கிவிட்டால், பிறகு உலர்த்துவது விதையைக் கொன்றுவிடும். எத்தனை மணி நேரம் என்பது பயிருக்குப் பயிர், விதையின் வயதுக்கு வயது வேறுபடும். இதைச் சொன்னேன். "எங்கள் நெல்லுக்கு எத்தனை மணி நேரம், ஐயா?" என்றாள். முறத்தில் மீதியிருந்த பழைய நெல்லை நான்கு பங்காகப் பிரித்து, ஆறு மணிக்கு ஒன்று, பன்னிரண்டு மணிக்கு ஒன்று, பதினெட்டு மணிக்கு ஒன்று என எடுத்து உலர்த்தவும், ஒரு பங்கை ஊறவைக்காமலே வைக்கவும் தீர்மானித்தோம். அடுத்த வாரம் மறுபடியும் போகவேண்டியதாயிற்று.